லோகிக்கு நான் வைத்த முகம்

என் தம்பி சாரத்திலிருந்து விழுந்த அன்று, ஆஸ்பத்திரியில் எங்கள் முதலாளி டாக்டரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"குடிச்சிட்டு ஏறிட்டான் சார். எவ்வளவோ சொன்னேன், கேக்கல."

தம்பி குடிக்கிறவன் இல்லை. எங்கள் அப்பா சாராயத்தில் போனவர். உப்பளத்தில் கூலி வாங்கிய கையோடு கடைக்குப் போய், ஒரு நாள் திரும்பி வராமலே போனார். அதனால் அந்த வாடை அடித்தாலே தம்பி எழுந்து போய்விடுவான்.

பொம்மையார்பாளையம் தாண்டி, ஈ.சி.ஆர். ஓரத்தில் இருந்த சிலைப் பட்டறையில் நாங்கள் இரண்டு பேரும் வேலை செய்தோம். ரிசார்ட்டுகளுக்கு ஃபைபர் சிலைகள் செய்கிற இடம். களிமண்ணில் முகம் பிடிப்பதும் பெயின்ட் அடிப்பதும் என் வேலை. அச்சு எடுத்து, சிலையைக் கொண்டுபோய் நிறுத்துவது தம்பி. அன்று காலையிலேயே அவன், "அண்ணே, கயிறு நைஞ்சு போச்சு, வேற வாங்குங்க" என்று முதலாளியிடம் சொன்னான். நான் பக்கத்தில்தான் நின்றேன். "இன்னிக்கி ஒரு நாள் பாத்துக்கப்பா" என்றார் அவர். திரிசூலம் பிடித்த கிரேக்கக் கடல் தெய்வத்தை மேலே இழுக்கும்போது கயிறு அறுந்தது. தம்பிக்கு இடுப்பெலும்பு உடைந்தது.

எலும்பு கூடிவிட்டது. ஆனால் குடித்துவிட்டு ஏறினான் என்ற பேச்சு அவனோடு ஒட்டிக்கொண்டது. வானூர் பக்கம் அவனுக்குப் பேசி வைத்திருந்த பெண் வீட்டிலிருந்து போன் வந்தது. "குடிகாரனுக்குப் பொண்ணு குடுக்க முடியாதுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

தம்பி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டே சொன்னான். "நான் குடிக்கலன்னு அவரையே சொல்லச் சொல்லுக்கா. வேற எதுவும் வேணாம்."

முதலாளியிடம் போய்க் கேட்டேன்.

"அப்புறம் கேஸு என் மேல திரும்பும்மா. நீ உன் வேலையப் பாரு" என்றார்.

வேலையைப் பார்த்தேன். அவர் வாங்கித் தந்த டீயைக் குடித்தேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே குடித்தேன். இடது புருவத்தை இரண்டாக வெட்டும் தழும்பு, கீழுதட்டின் மடிப்பு, சிரிக்கும்போது ஒரு பக்கம் மட்டும் ஏறும் மூக்கு. அந்த ஆளை எதுவும் செய்ய எனக்கு வழி இருக்கவில்லை. முகம் பிடிக்க மட்டும்தான் தெரியும்.

அந்த வருஷமே பெரிய வேலை ஒன்று வந்தது. மரக்காணத்தில் உப்பங்கழியைப் பார்த்தபடி கட்டிய ஒரு ரிசார்ட்டுக்கு உலகத்துத் தெய்வங்களும் வீரர்களும் வேண்டுமாம். எகிப்தின் நரித்தலைத் தெய்வம், சுத்தியல் ஏந்திய இடி தெய்வம், சீனத்து நாகம். எதைச் செய்வது என்று தேடும் பொறுப்பை முதலாளி என்னிடமே விட்டார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போனில் கதைகளைப் படித்தேன். கொலைகாரனை ஊர் ஊராகத் துரத்தும் பாம்புக் கூந்தல் பெண்கள் இருந்தார்கள். கணவனைக் கொன்றவர்களை உயிரோடு புதைத்த ராணி இருந்தாள். படிக்கப் படிக்க எனக்குத் தெம்பு வந்தது. பழி வாங்க நினைத்தது நான் ஒருத்தி மட்டும் இல்லை.

ஐரோப்பாவின் பனி நாட்டுக் கதையில் லோகி என்று ஒருவன். கண் தெரியாத ஒரு தேவனின் கையில் அம்பைக் கொடுத்து, ஏமாற்றி, அந்தத் தேவனுடைய சொந்தச் சகோதரனையே கொல்ல வைக்கிறான். பழி குருடன் மேல் விழுகிறது. பிறகு உண்மை தெரிந்து, தேவர்கள் லோகியைப் பாறையில் மல்லாத்திக் கட்டி, முகத்துக்கு மேலே ஒரு பாம்பைத் தொங்கவிடுகிறார்கள். அதன் விஷம் சொட்டுச் சொட்டாக விழும். அவன் துடிக்கும்போது பூமி ஆடும்.

லோகியைச் செய்தேன். பட்டறையில் அது வெறும் தாடிக்காரனாகத்தான் தெரிந்தது. முதலாளியின் தழும்பையும் உதட்டு மடிப்பையும் ரிசார்ட்டில் வைத்த பிறகு, கடைசிப் பெயின்ட்டில் போட்டேன். பக்கத்தில் வைக்கும் பலகைக்குத் தமிழில் எழுதித் தரச் சொன்னார்கள். 'தன் குற்றத்தை அப்பாவியின் மேல் போட்டவன்' என்று எழுதினேன்.

திறப்பு நாளில் முதலாளி பட்டு வேட்டியில், குடும்பத்தோடு வந்தார். ஒவ்வொரு சிலையாகக் காட்டிக்கொண்டு வந்தவர் லோகியின் பாறைக்குப் பக்கத்தில் வந்ததும், அவருடைய மகள் குனிந்து பார்த்துவிட்டு, "அப்பா, இது உங்கள மாதிரியே இருக்குது" என்றாள். அவர் மனைவி பலகையைப் படித்தார். பிறகு அவரைப் பார்த்தார். ரிசார்ட் ஓனர் சிரித்து, இரண்டு முகத்தையும் சேர்த்துப் போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினார். பட்டறை ஆட்கள் யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்குக் கயிறு அறுந்த கதை தெரியும்.

முதலாளி என்னைத் தென்னை மரங்களுக்குப் பின்னால் கூப்பிட்டார். "என்னம்மா பண்ணி வச்சிருக்க?"

"தம்பிய என்ன பண்ணீங்களோ அதத்தாங்க."

"எடுக்கச் சொல்லு."

"நீங்களே சொல்லுங்க. ஏன்னு கேப்பாங்க. அதுக்கும் பதில் சொல்லுங்க."

அவர் ரிசார்ட்டில் எதுவும் சொல்லவில்லை. ஆனால் பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லாம் அந்தப் போட்டோவைக் காட்டி விசாரிக்க ஆரம்பித்தார்கள். மழைக்காலம் தொடங்கும் முன் எங்கள் தெருவுக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, அக்கம்பக்கத்தார் கேட்க, "அன்னிக்கி இவன் குடிக்கல. கயிறு பழசு, நான்தான் மாத்தல" என்றார். தம்பி ஊன்றுகோலைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டான். வானூர்ப் பெண்ணுக்கு அதற்குள் வேறு இடத்தில் கல்யாணம் முடிந்திருந்தது.

போகும்போது முதலாளி என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். "இப்பவாவது அந்த முகத்த மாத்திடும்மா."

"மாத்த மாட்டேங்க" என்றேன்.

மறுநாளிலிருந்து வேறு பட்டறைக்குப் போனேன். உப்புக் காற்றில் பெயின்ட் வெளுக்கிறது என்று ரிசார்ட்டிலிருந்து வருஷா வருஷம் கூப்பிடுகிறார்கள். மற்ற தெய்வங்களுக்கு என் உதவியாள் அடிப்பாள். லோகியின் தழும்பை மட்டும் நானே உட்கார்ந்து போடுகிறேன்.