தானே எடுத்த படம்

ஜெயப்பிரியாவைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் போனார்கள். மதுராந்தகம் ஸ்டுடியோக்காரர் மாவு பூசியது போல வெளுக்க வைத்த படத்தை நம்பி வருவார்கள். நேரில் பார்ப்பார்கள். காபியைக் குடித்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பிவிடுவார்கள். கறுப்பு அவளுக்கு ஒரு குறையாகவே தெரிந்ததில்லை. ஒவ்வொரு முறையும் ஏமாற்றுக்காரி போல நிற்க வேண்டியிருந்ததற்குத்தான் மனசு ஆறவில்லை.

இப்போது நாற்பதைத் தொடப் போகிறாள். கேளம்பாக்கத்தில் ஒற்றை அறை வீடு, ஒரு கம்பெனியில் கணக்கு வேலை, பேச்சுத் துணைக்கு டிவி. செங்கல்பட்டிலிருந்து ஒரு வரன் வந்திருப்பதாக அண்ணி பொன்னி போனில் சொன்னாள்.

“போட்டோ மட்டும் பளிச்சுனு அனுப்புடி பிரியா.”

“நான் எப்டி கீறனோ அப்டித்தான் அனுப்புவேன் அண்ணி. புடிச்சா வரட்டும்.”

ஞாயிற்றுக்கிழமை காலை, ஆபீஸ் தோழியிடம் வாங்கிய பழைய கேமராவோடு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனாள். சுற்றிலும் குடும்பம் குடும்பமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். யாரையாவது எடுத்துத் தரச் சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. கரையேற்றி வைத்திருந்த படகின் மேல் கேமராவை வைத்து, டைமரைத் தட்டிவிட்டு ஓடிப்போய்க் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

படத்தில் கடல் அழகாக இருந்தது. அவள் முகம் இருந்த இடத்தில் கரி அப்பியிருந்தது. இந்தச் சனியனுக்குமா என்னைப் பிடிக்கவில்லை என்று ஆத்திரமாக வந்தது.

மணலில் உட்கார்ந்து போனில் வீடியோ தேடிப் பார்த்த பிறகுதான் விளங்கியது. கேமராவுக்கு ஆளும் தெரியாது, நிறமும் தெரியாது. எதிரே இருக்கிற எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரும், அவ்வளவுதான். பின்னால் வானமும் கடலும் கண்ணைக் கூச வைத்தால், வெளிச்சம் அதிகம் என்று தானாகவே குறைத்துவிடும். அந்தக் குறைச்சல் முன்னால் நிற்கிறவரின் முகத்தில் வந்து விழும். அதைத் திருத்தத்தான் பிளஸ், மைனஸ் போட்ட பொத்தான். பிளஸ் பக்கம் நகர்த்தினால், நீ நினைப்பதைவிட இன்னும் கொஞ்சம் வெளிச்சம் விடு என்று அதற்குச் சொல்வதாக அர்த்தம்.

ஒரு தடவை தட்டினால் வெவ்வேறு வெளிச்ச அளவில் மூன்று படம் எடுக்கவும் அதில் வசதி இருந்தது. அப்படி வைத்துவிட்டு மறுபடி ஓடினாள். முதல் படத்தில் அதே கரி. கடைசிப் படத்தில் கடலே வெளுத்துக் காணாமல் போய், அவளும் மதுராந்தகம் ஸ்டுடியோவுக்கே திரும்பியிருந்தாள். நடுப்படத்தில் கடல் சற்று வெளிறியிருந்தது, ஆனால் அவள் அவளாக இருந்தாள். மூக்குத்தி, கண்ணோரச் சுருக்கம், கறுப்பு எல்லாம் அப்படியே. தன் படத்தைப் பார்த்து அவள் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை. அதைப் போனுக்கு மாற்றி, அங்கிருந்தே அண்ணிக்கு அனுப்பினாள்.

சாயங்காலம் பொன்னி கூப்பிட்டாள். குரல் இறங்கியிருந்தது.

“படம் நல்லாத்தான் கீதுன்னாங்க பிரியா. கலரப் பத்தி ஒண்ணும் சொல்லல.”

“அப்புறம் இன்னா?”

“பீச்சாண்ட ஒண்டியா ஒரு பொண்ணு போவுமா, போட்டோ புடிச்சவன் யாருன்னு கேக்குறாங்கடி.”

“யாரும் இல்ல அண்ணி. நானேதான் டைமர் வெச்சு எடுத்தேன்.”

“சொன்னேன். நம்ப மாட்டேன்றாங்க.” பொன்னி கொஞ்சம் தயங்கினாள். “மெய்யாலுமே யாரும் இல்லியா?”

ஜெயப்பிரியா போனை அடுத்த காதுக்கு மாற்றினாள். கேமரா மேசை மேல் இருந்தது, அதன் வாரில் இன்னும் மணல் ஒட்டியிருந்தது.

“அப்டி ஒருத்தன் இருந்தா, இந்தப் படத்த நான் எதுக்கு அண்ணி அங்க அனுப்பப் போறேன்?” என்றாள்.