நிலவுக் கலத்துக்கு வைத்த கால்

பல் செட் செய்வது அவளுடைய வேலை. மருத்துவர்கள் அனுப்பும் அச்சை வைத்துக்கொண்டு, முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் சிரிப்பைச் செய்து கொடுப்பாள். வீட்டிலோ கண்ணாடி அலமாரி நிறைய விண்கலங்கள். முதல் செயற்கைக்கோளிலிருந்து மனிதனை நிலவில் இறக்கிய கலம் வரை, உலோகத்தில் வார்த்த சின்னச் சின்ன மாதிரிகள், மொத்தம் நாற்பத்தொன்று. யாராவது பொம்மை என்றால் கோபம் மூக்குக்கு மேல் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவிக்கு உதவுகிறேன் பேர்வழி என்று அவள் கணவர் தூசி தட்டப்போய், நிலவுக் கலத்தைக் கீழே போட்டுவிட்டார். நான்கு கால்களில் ஒன்று உடைந்து எங்கேயோ உருண்டுபோனது. மனிதர் கலத்தைச் செருப்புப் பெட்டியில் ஒளித்துவிட்டு, வாயைத் திறக்கவே இல்லை. மூன்றாம் நாள் அவள் கண்டுபிடித்தாள்.

"திருதிருன்னு முழிச்சிட்டு இருந்தது இதுக்குத்தானா?"

"இருபது வருஷமா பஸ்ஸ எங்கயும் இடிக்காம ஓட்டுறேன். இத நாலு விரக்கடை நகத்தத் தெரியல எனக்கு," என்றார் அவர், பரிதாபமாக.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கலத்தை வேலைக்கு எடுத்துப்போனாள். சாப்பாட்டு நேரத்தில், பல் செட்டுக்குக் கொக்கி வளைக்கும் கம்பியில் புதுக் கால் செய்து, ஈறு செய்யும் ரோஸ் நிறக் கலவையால் ஒட்டினாள். காய்வதற்காக ஒரு வெள்ளை டப்பாவில் வைத்தாள். பல் செட் வைக்கும் டப்பாக்களும் அதே மாதிரிதான். அங்கேதான் வினை.

மாலையில் இரண்டு தெரு தள்ளியிருந்த பல் மருத்துவர் கூப்பிட்டார். நிதானமாக, டப்பாவில் ராக்கெட் மாதிரி ஏதோ வந்திருக்கிறது என்றார். நிஜமான பல் செட்டைத் தூக்கிக்கொண்டு அவள் தலைதெறிக்க ஓடினாள்.

நாற்காலியில் சாய்ந்திருந்த பெரியவர் கலத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். ஈறோடு வந்ததால் தன் செட்தான் என்று முதலில் நினைத்தாராம். வாய்க்குக் கொஞ்சம் பெரிது என்று பொக்கை வாயால் அவர் சொல்ல, மருத்துவர் முகமூடிக்குள் குலுங்கினார். அவள் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள், அது எப்படி இறங்கியது, எப்படிக் கிளம்பியது என்று பெரியவர் கேட்கத் தொடங்கிவிட்டார். பல் செட்டைப் பொருத்தி முடித்ததும், புதுப் பல்லோடு அவர் பேசிய முதல் பேச்சு இது:

"வேற இருக்காம்மா?"

"இன்னும் நாப்பது இருக்குங்க ஐயா."

"எல்லாத்தையும் கொண்டு வா. இங்க உக்காந்திருக்கவங்க பயத்துல சுவத்தப் பாத்துட்டு இருக்காங்க."

மருத்துவரும் தலையாட்டினார். அடுத்த வாரமே காத்திருக்கும் அறையில் ஓர் அலமாரி வந்தது. நாளெல்லாம் பிளாஸ்டர் தாடைகளோடு மட்டுமே இருப்பவள், சாயங்காலம் அங்கே போய்ப் பேசத் தொடங்கினாள். பல்வலி இல்லாதவர்கள்கூட வந்தார்கள்.

ஒருநாள், வழியில் வெடித்துப் பாதி பழுதாகிப்போன கலத்தில் மூன்று பேர் பூமியை நோக்கி வந்த கதையை அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். கன்னம் வீங்கிய ஒரு பெண்ணை உள்ளே கூப்பிட்டார்கள். அந்தப் பெண் நகரவில்லை.

"இருங்க, அந்த மூணு பேரும் வீடு வந்து சேந்தாங்களான்னு கேட்டுட்டு வரேன்."