பெத்தாங் மைதானத்தில் காணாமல் போன இடுப்பு வலி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், எங்கள் ஊர் உப்பளம் பகுதியில் நாங்கள் பெத்தாங் ஆடும் மைதானத்தில் எனக்குப் பெரிய மானக்கேடு. என் இடுப்பு வலி, எல்லார் முன்னாலும் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது!

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பெத்தாங், பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன விளையாட்டு. ஒரு குட்டிப் பந்தை வீசிவிட்டு, அதற்குப் பக்கத்தில் இரும்பு குண்டுகளைப் போட வேண்டும். யார் குண்டு நெருக்கமோ, அவருக்குப் பாயின்ட். பதின்மூன்று எடுத்தால் ஜெயம். சண்டை இலவசம்.

நான் அங்கே வெறும் பார்வையாளன். ஒன்றரை வருடமாக! இடுப்பில் பெல்ட், முதுகுக்குக் குஷன், பிளாஸ்டிக் நாற்காலி. எல்லாம் ஸ்கேன் ரிப்போர்ட்டில் இருந்த ‘டிஸ்க் பல்ஜ்’ என்ற இரண்டு வார்த்தையால் வந்த வினை. “இந்த வயசுல நிறைய பேருக்கு இருக்கும், பயப்படாதீங்க” என்றார் டாக்டர். அந்தக் கடைசி வார்த்தை மட்டும் என் காதில் விழவில்லை.

அன்றிலிருந்து நான் குனியவே இல்லை. கீழே விழுந்த பேனாவை எடுப்பதுகூட மனைவியின் உத்தியோகம். குனிய முடியாதவர்கள் குண்டைத் தூக்க, நூலில் கட்டிய காந்தம் ஒன்று விற்கிறது. அதையும் வாங்கினேன். இழுக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டால்..? பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

வலி பொய் இல்லை. காலையில் கட்டிலை விட்டு எழுந்தால் உயிர் போகும். அதைவிடக் கொடுமை, அடுத்தவன் ஆடுவதை உட்கார்ந்து பார்ப்பது. இனி ஆடவே முடியாதோ என்று நினைத்தால் அழுகை வரும். வெளியே சொன்னதில்லை.

எனக்கு பிசியோதெரபி கொடுத்த பெண், என் மகள் வயதுதான், ஒருநாள் சொன்னாள்: “சார், உங்க முதுகைவிட உங்க பயந்தான் ரொம்ப விறைச்சுப் போயிருக்கு.”

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “அப்போ நான் நடிக்கிறேன்னு சொல்றியாம்மா?” என்று கேட்டுவிட்டு வந்தவன், அதற்கப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை.

மைதானத்துக்கு வருவோம். என் பழைய ஜோடி சேவியர், பிரெஞ்சு ராணுவ பென்ஷன்காரன், வேறொருவரோடு ஆடிக்கொண்டிருந்தான். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. கடைசிக் குண்டும் விழுந்தாயிற்று. தன் குண்டுதான் கிட்டே என்கிறான் எதிராளி. “கண்ணு அவிஞ்சிபோச்சா?” என்கிறான் சேவியர்.

நான் சும்மா இருப்பேனா? டேப்பைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். குந்தினேன். அது போதாமல் முட்டி போட்டு, கன்னம் மண்ணில் படக் குனிந்து அளந்தேன். “ரெண்டு மில்லிமீட்டர் கிட்ட... சேவியரோடதுதான்!”

எல்லார் கண்ணும் என் இடுப்பு மேல். சேவியர் மெதுவாகக் கேட்டான்: “டேய்... உன் இடுப்பு இன்னாச்சி?”

அவன் கேட்டு முடிக்கவில்லை — சுரீர்! இரண்டு பேர் தூக்கி நிறுத்த வேண்டியதாயிற்று. சிரிக்காதவர் யாரும் இல்லை.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வலி நிஜம். அப்படியென்றால், அளக்கும்போது அது எங்கே போயிருந்தது? டீ குடிக்கவா?

மறுநாள் காலை அந்த பிசியோதெரபிப் பெண் முன்னால் போய் நின்றேன். நல்லவேளை, அவள் சிரிக்கவில்லை.

“நடிக்கிறீங்கன்னு நான் சொல்லவே இல்லியே சார். வலி நெசம். ஆனா எவ்ளோ வலிக்கணும்னு முடிவு பண்றதுல பயத்துக்கும் ஒரு ஓட்டு இருக்கு. நீங்க எல்லா ஓட்டையும் அதுக்கே குத்திட்டீங்க.”

தினமும் கொஞ்சம் குனியச் சொன்னாள். முதல் நாள், கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பாதிதான் குனிந்தேன். வலியால் அல்ல, பயத்தால்.

யோசித்துப் பார்த்தேன். ஒருவனுக்கு உடம்பு சரியில்லை என்றால் நாம் எல்லோரும் சொல்வது ஒன்றுதான் — “பாத்து... பாத்து...” அன்பாகத்தான் சொல்கிறோம். ஆனால் நூறு பேர் அப்படிச் சொன்னால், பாவம், அந்த உடம்பு தன்னைப் பீங்கான் ஜாடி என்றே நம்பிவிடுகிறது.

இந்த ஞாயிறு பெல்ட் இல்லாமல் சேவியரோடு ஆடினேன். வலி இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். பதின்மூன்றுக்கு நான்கு... படுதோல்வி!

“இடுப்பு கொஞ்சம் புடிச்சிக்கிச்சுடா...” என்று ஆரம்பித்தேன்.

சேவியர் முறைத்தான். “இடுப்பு மேல பழி போடாத. உனக்கு எப்பவுமே ஆடத் தெரியாது.”

ஒன்றரை வருடமாக என்னை யாரும் இப்படித் திட்டவில்லை. அவன் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும்!