எங்கள் வீட்டில் யாரும் ஜொலியாக இருந்ததில்லை

கவலையில்லாமல் உல்லாசமாக இருப்பதைச் சொல்லும் ஜொலி என்ற சொல் எங்கள் ஊரில் எல்லோர் வாயிலும் இருக்கிறது. ஆனால் தன்னைப் பற்றி ஒருவரும் அதைச் சொல்ல மாட்டார்கள். "அவனுக்கென்ன, கட்டாரில உழைக்கிறான், ஜொலி." "அவளுக்கென்ன, மாமி சமைச்சுப் போடுறா, ஜொலி." ஜொலி எப்போதும் அடுத்த வீட்டில்தான். "நீங்க எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். "என்னத்தச் சொல்ல, இருக்கம்" என்று ஒரு பெருமூச்சு வரும். கல்யாண வீட்டிலும் அதே பெருமூச்சுத்தான். வாயைத் திறந்து சொன்னால் கண்ணூறு பட்டுவிடும் என்ற பயமாக இருக்கலாம். இல்லாவிட்டால், "சும்மாதானே இருக்காய், இந்தத் தேங்காயைத் துருவு" என்று யாராவது பிடித்துவிடுவார்கள் என்ற பயம். எனக்கென்னவோ இரண்டாவதுதான் சரி என்று படுகிறது.

என் கணவர் பெருமூச்சில் கைதேர்ந்தவர். வாவிக்கு மேற்கே, பழுகாமத்துப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் வயல் இருக்கிறது. கதிர் வந்துவிட்டால் மாடும் மயிலும் இறங்காமல் பகல் முழுக்கக் காவல் இருக்க வேண்டும். காலையில் வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்குப் போகிறவர் பொழுதுபட வந்து, சேர்ட்டைக்கூடக் கழற்றாமல் சாய்மனைக் கதிரையில் சாய்ந்து, "உயிர் போகுது புள்ள" என்பார். எனக்கு மனம் கேட்காது. நல்ல மீன் துண்டெல்லாம் அவருடைய சாப்பாட்டுப் பெட்டிக்குள் போகும். தலையும் வாலும் எனக்கு. பாவம் மனுசன், வெயிலில் காய்கிறார் என்று நான் வாலைச் சூப்பிக்கொண்டிருப்பேன்.

கதிர்க் காவல் நடந்த ஒரு வாரத்தில் எங்கள் ஒழுங்கையில் இருக்கிற பெண்கள் சேர்ந்து சனிக்கிழமை பாசிக்குடாக் கடற்கரைக்குப் போக ஒரு வான் பிடித்தார்கள். ஆண்கள் இல்லை, பிள்ளைகள் இல்லை. நானும் பாசிக்குடாவுக்குப் பலதரம் போயிருக்கிறேன். ஒவ்வொரு தரமும் கரையில் இருந்து எல்லாருடைய செருப்பையும் சோற்றையும் காகத்திடமிருந்து காப்பாற்றியதுதான் மிச்சம். எனக்கு ஒரே ஒரு ஆசை. கடலில் கழுத்தளவு தண்ணீரில் இருந்துகொண்டு, ஒன்றுமே செய்யாமல் முழித்துக்கொண்டிருக்க வேண்டும். அங்கே எவ்வளவு தூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. கழுத்தளவு வேண்டுமென்றால் அடிமணலில் சப்பாணி கட்டி உட்காரத்தான் வேண்டும். அதையும் யோசித்து வைத்திருந்தேன்.

அவரிடம் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டார்.

"மனுசன் வட்டைக்க கிடந்து காயுறன், உனக்கு ஜொலி கேக்குதா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் ரோசம் என்று ஒரு சனியன் இருக்கிறதே! வானுக்குப் பொறுப்பான மூன்றாம் வீட்டுக்காரியிடம் போய், "நான் வரல்லகா" என்று சொல்லிவிட்டேன். அவள் விடவில்லை. "கோவத்தில சொல்லாத. வெள்ளிக்கிழமை பின்னேரம் வரைக்கும் வான்ல உன்ட சீற்றை வெச்சிருப்பன். அதுக்குப் பிறகு வேற ஆளுக்குக் குடுத்திருவன்" என்றாள்.

வெள்ளிக்கிழமை அவர் சாப்பாட்டுப் பெட்டியை மறந்துவிட்டுப் போய்விட்டார். நல்லா வேணும், கிடக்கட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு மனம் கேட்கவில்லை. வழிநெடுகத் திட்டிக்கொண்டே ஸ்கூட்டியில் போனேன். வரம்புக்கு வரும்போதே ஆம்பிளைகள் வாய்விட்டுச் சிரிக்கும் சத்தம் கேட்டது. எங்கள் வயலுக்குள் ஒரு மாடு நின்று, நெற்கதிரை மென்றுகொண்டே என்னைப் பார்த்தது. அதை ஒருவரும் கவனிக்கவில்லை.

மருத மரத்தடியில் மூன்று பேர். என் கணவர், அவருடைய மச்சான், பக்கத்து வயல்காரர். நடுவில் காட்ஸ், சீட்டாட்டம் நடக்கிறது. பக்கத்தில் ஒரு சட்டி நிறைய ஆற்றுமீன் குழம்பு. என் பெட்டியை அவர் ஏன் மறந்தார் என்பது இப்போது விளங்கியது.

முதலில் கண்டது மச்சான்தான். "ஐயோ, தங்கச்சி!" என்றார். அடுத்த நிமிசம் காட்ஸைக் காணவில்லை. மச்சான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினார். பக்கத்து வயல்காரர் எழும்பி, ஒரு குருவிகூட இல்லாத ஆகாயத்தைப் பார்த்து "ஹோய்! ஹோய்!" என்று கத்தினார். என் கணவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"ஏன் புள்ள இந்த வெயிலுக்க வந்த? இஞ்ச உயிர் போகுது."

அவருடைய இரண்டு காதிலும் புல்லில் பின்னிய நீளத் தோடு ஆடிக்கொண்டிருந்தது. தோற்றவர் அதை மாட்டிக்கொள்ள வேண்டுமாம், பிறகுதான் சொன்னார்கள். மீசையும் தோடுமாக ஒரு மனுசன் உயிர் போகுது என்று சொன்னால் என்ன செய்வது?

"தோடு வடிவா இருக்கு" என்றேன்.

அவர் கை காதுக்குப் போனது. மச்சான் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. நான் விட்டுக்கொடுத்த மீன் துண்டுகளெல்லாம் ஒவ்வொன்றாக என் கண்முன் வந்தன.

"எவ்வளவு காலமா இந்தக் கஸ்டம்?"

"இல்லக்கா, இண்டைக்குத்தான் சும்மா..." என்று தொடங்கிய பக்கத்து வயல்காரரை என் கணவர் ஒரு பார்வையால் அடக்கினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி கேட்டார்.

"நாளைக்கு வான் எத்தின மணிக்கு?"

நான் சிரித்த சிரிப்பில் வரம்பிலேயே குந்திவிட்டேன். ஆத்திரமும் இருந்தது, சிரிப்பும் இருந்தது; சிரிப்பு முந்திவிட்டது. அங்கிருந்தே மூன்றாம் வீட்டுக்காரிக்கு ஃபோனில் கோல் எடுத்து, நான் வாறன் என்று சொன்னேன். நாலாவது ஆள் இல்லாமல் ஆட்டம் சரிவரவில்லை என்று மச்சான் புலம்பியதால், ஒரு கை விளையாடிவிட்டுத்தான் திரும்பினேன். மாட்டைத் துரத்தியதும் நான்தான்.

சனிக்கிழமை பாசிக்குடாவில் எல்லோருக்கும் முன்னால் நான் இறங்கினேன். சட்டையோடு நடந்து போய், சப்பாணி கட்டி இருந்தேன். தண்ணீர் கழுத்துக்கு வந்தது. இளஞ்சூடு. கையும் காலும் என்னுடையவையே இல்லை என்பதுபோல் மிதந்தன. அட, இவ்வளவுதானா, இதற்கா இத்தனை வருசம் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கரையில் இருந்து மூன்றாம் வீட்டுக்காரி என் ஃபோனைத் தூக்கிக் காட்டினாள்.

"உன்ட மனுசன்! உப்புப் போத்தல் எங்கயாம்?"

"தேடச் சொல்லுகா!" என்று கத்திவிட்டு, தலையையும் தண்ணீருக்குள் முக்கினேன்.