மாறாத எண்

மச்சான் கடலிலிருந்து இரண்டு முறை கைபேசியில் அழைப்பு எடுத்தார். பொழுதுபட்டுச் சற்று நேரத்தில் முதல் முறை.

"இஞ்சின் நிண்டிட்டுது மச்சான். நங்கூரக் கயிறும் அறுந்து போச்சு. ஜிபிஎஸ் நம்பரைச் சொல்லுறன், எழுது."

அவர் என் தங்கையின் கணவர். அந்தப் பதற்றத்திலும் எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். அரை மணி நேரத்துக்குப் பிறகு மறுபடி எடுத்தார், மறுபடி எழுதினேன். கடைசி இலக்கம் வரை அதே எண்கள். அத்தோடு அவருடைய கைபேசி அணைந்துவிட்டது.

மன்னார் கீரிக் கரையில் மீனவர் சங்கத் தலைவர் தாளை வாங்கிப் பார்த்தார். "நம்பர் மாறேல்லை. அப்ப நங்கூரம் பிடிச்சு நிக்குது. பயப்பிடாதேங்கோ, கட்டி இழுத்துக்கொண்டு வருவம்" என்றார்.

நங்கூரம் இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. அந்தக் காற்றில் நங்கூரமில்லாத படகு அரை மணி நேரம் ஒரே இடத்தில் நிற்காது. வாயைத் திறந்தேன். பத்துப் பதினைந்து பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லை. மெஷின் பிழையாகச் சொல்லுமா, மச்சான் வேறு கயிற்றில் எதையாவது கட்டி இறக்கியிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வாயை மூடினேன்.

போய்ப் பார்த்தபோது அந்த இடத்தில் படகு இல்லை. நின்ற படகைக் காணவில்லை என்றால் அது மூழ்கித்தான் போயிருக்கும் என்று முடிவெடுத்தார்கள். மூன்று நாட்களாகச் சுழியோடிகளை அங்கேயே இறக்கித் தேடினார்கள். நானும் போனேன். ஒருவர் வெறுங்கையோடு மேலே வரும்போதெல்லாம் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்துப் பயமாகவும் இருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் மச்சானின் மூத்த மகள் என்னிடம் வந்தாள். மன்னார் டவுனில் உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கிறவள். அழுது முகம் வீங்கியிருந்தது. கையில் கைபேசி.

"மாமா, வடதுருவத்துப் பக்கம் வானத்தில பச்சை வெளிச்சம் ஆடுமெல்லோ. அங்க உயரத்தில மின்னேறின வாயு ஒரு சீரா இராதாம். திட்டுத் திட்டாக் கலைஞ்சு போகுமாம். எங்கட பக்கமும் பொழுதுபட்டாப் பிறகு அப்பிடிக் கலையிறதாம், பெரிய குமிழி மாதிரி. ஆனா எங்களுக்கு வெளிச்சம் ஒண்டும் தெரியாது. அதுக்குள்ளால வாற சற்றலைட் சிக்னல் சிதறிப் போகுமாம்."

"சிதறினா?"

"படகு இழுபட்டாலும் சில ஜிபிஎஸ் கடைசியாக் கிடைச்ச நம்பரையே காட்டிக்கொண்டு நிக்கும். அண்டைக்கு அதுதான் நடந்ததெண்டு நான் சொல்லேல்லை. ஆனா அப்பான்ர நங்கூரம் பிடிச்சிருந்ததெண்டு ஆர் சொன்னது?"

நான் நிலத்தைப் பார்த்தேன். "நங்கூரம் இல்லைப் பிள்ளை. கயிறு அறுந்ததெண்டு கொப்பர் என்னட்டைச் சொன்னவர்."

அவள் என்னைத் திட்டவில்லை. "எழும்புங்கோ மாமா. அங்க போய்ச் சொல்லுங்கோ" என்றாள்.

சங்கத்தில் எல்லோரும் இருந்தார்கள். கதவடியில் நின்றபடியே சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. தலைவர் இரண்டு தரம் திரும்பச் சொல்ல வைத்தார். பிறகு கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"மூண்டு நாளா வாய்க்குள்ள என்னடாப்பா வச்சிருந்தனீ?"

ஒருவரும் என் பதிலுக்காக நிற்கவில்லை. அரை மணி நேரத்துக்குள் ஆறு படகுகள் காற்று போகும் பக்கமாக, வடகிழக்கே ஓடின.

ஐந்தாம் நாள் நெடுந்தீவுக்குக் கிட்டப் படகு கிடைத்தது. மச்சான் கிடைக்கவில்லை. படகுக்குள் குடிதண்ணீர்க் கான் வெறுமையாகக் கிடந்தது. வெயிலுக்கு மறைப்பாகத் தார்ப்பாய்ப் படங்கை இழுத்துக் கட்டியிருந்தார். இருட்டில் கைபேசி அணைந்த மனிதர் பகலைக் கண்டிருக்கிறார்.

படகைக் கரையில் ஏற்றியபோது தங்கச்சி அந்தப் படங்கைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்.

"எத்தினை பகல் அண்ணா?"