தண்ணீர் லாரியும் புது வெர்ஷனும்

போன சனிக்கிழமை எங்கள் காலனியின் இணையதளத்தை நான் கொன்றுவிட்டேன். வேண்டுமென்று இல்லை... அப்டேட் செய்தேன்.

இரும்புலியூரில் எங்கள் காலனியில் வீட்டுக்கு ஒரு சாஃப்ட்வேர் எஞ்சினியர். காலையில் கம்பெனி பஸ் பிடித்து சிறுசேரி போகிற கூட்டம். அதனால் எங்களுக்குத் தண்ணீர் லாரிகூட ஆன்லைனில்தான். சனிக்கிழமை பதினோரு மணிக்குள் தளத்தில் பெயர் பதிய வேண்டும். மதியம் லாரி வரும். பட்டியலில் பெயர் இல்லையா? தண்ணீர் இல்லை. பொதுக்குழுத் தீர்மானம்.

அந்தத் தளத்தை ஓட்டுகிற வெப் சர்வர், ஓப்பன் சோர்ஸ். முகம் தெரியாத ஆட்கள் உழைத்து எழுதி, சும்மா கொடுப்பது. சும்மா கிடைத்ததை யார் மதிக்கிறார்கள்? வருடக்கணக்காகத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புது வெர்ஷன் வந்துவிட்டது, பழையதில் பாதுகாப்பு ஓட்டை என்று யாரோ வாட்ஸ்அப் குரூப்பில் போட, நாற்பது கட்டைவிரல்கள் உயர்ந்தன. செய்யப்போவது யார்? விசாரித்தால் எல்லோரும் மேனேஜர். சர்வரைத் தொட்டே பல வருடம் ஆனவர்கள். நானும்தான். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை — "நான் பாத்துக்கறேன்" என்றேன்.

காலை ஒன்பதுக்கே உட்கார்ந்தேன். சங்கச் செயலாளர் சாரதி சார் போன் செய்தார்.

"ராகு காலம் சார். பத்தரைக்கு மேல தொடுங்க."

இருபது வருடம் கம்ப்யூட்டரோடு குடும்பம் நடத்தியவன் நான். சிரித்தேன். பத்தரை வரை காத்தும் இருந்தேன்.

இன்ஸ்டாலர் பாதியில் நின்று ஒரு கேள்வி கேட்டது: உங்கள் பழைய செட்டிங்ஸை எடுத்துவிட்டுப் புதியதைப் போடவா? படித்துவிட்டு பதில் சொல்கிற வழக்கம் நமக்கு ஏது? 'யெஸ்' தட்டினேன். பேக்கப்? அதை எடுக்கச் சொல்வதற்குத்தான் ஆபீஸில் எனக்குச் சம்பளம், எடுப்பதற்கு அல்ல.

தளத்தைத் திறந்தால் பதிவுப் பக்கத்தைக் காணோம். வெள்ளைத் திரையில் 'இட் வொர்க்ஸ்' என்று புது சர்வரின் ஒற்றை வரி. வேலை செய்கிறதாம்! சாரதி சார் அதைப் படம் பிடித்து குரூப்பில் போட்டார். "அப்டேட் சக்சஸ்." கைதட்டல்கள் குவிந்தன.

அப்போதுதான் எதிர் வீட்டு மும்தாஜ் அக்கா வந்தார். மறுநாள் அவர் மகளுக்கு நிக்காஹ். கேளம்பாக்கத்துச் சொந்தக்காரர்கள் வந்து இறங்கியாயிற்று. வாசலில் நிலத்தடித் தொட்டியான சம்ப்பில் தரை தெரிகிறது.

"காலைலேர்ந்து ஒரே வேலை தம்பி. இப்ப பதியலாம்னு பாத்தா பக்கமே வரலையே?"

கல்யாண வீட்டில் தண்ணீர் இல்லை, காரணம் நான். "அஞ்சு நிமிஷம்க்கா" என்றேன். எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்கிற அதே பொய். பதினோரு மணி தாண்டியது.

சாரதி சாரிடம் கெஞ்சினேன். "ரூல்னா ரூல்தான் சார். இவங்களுக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க" என்று முடித்துக்கொண்டார். குரூப்பில் மேனேஜர்கள், தவறு எங்கே நடந்தது என்று ஆராய ஆன்லைன் மீட்டிங் போட்டார்கள். சாரதி சார் தலைமை.

மீட்டிங் நடக்கும்போதே லாரி வந்துவிட்டது. மும்தாஜ் அக்கா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. போய் சம்ப் மூடியைத் திறந்து வைத்தார். டிரைவர் பைப்பை இழுத்துவந்து உள்ளே விட்டார். தண்ணீர் கொட்டியது. எனக்குப் போன உயிர் வந்தது.

மெல்ல டிரைவர் பக்கத்தில் போய், "அண்ணா, லிஸ்ட்டெல்லாம் பாக்க மாட்டீங்களா?" என்றேன்.

"இன்னா லிஸ்ட்டு சார்? மூடி தொறந்து கீதான்னு பாப்பேன், ஊத்திகினு போய்கினே இருப்பேன். அஞ்சு வருசமா அப்டித்தான்."

ஐந்து வருடம்! லாகின், பாஸ்வேர்ட், ஓடிபி, பொதுக்குழுத் தீர்மானம்... எதுவும் லாரிவரை போகவே இல்லை. காலனியில் அது தெரியாதவர்கள் நாங்கள் நாற்பது பேர் மட்டும்தான் போலிருக்கிறது.

இரண்டு நாள் மல்லுக்கட்டித் தளத்தைச் சரிசெய்தேன். முதல் ஆளாகப் பெயர் பதிந்தவர் மும்தாஜ் அக்கா.

"அதான் தேவையே இல்லையேக்கா, அப்புறம் எதுக்கு?" என்றேன்.

"இருக்கட்டும் தம்பி. நீங்கல்லாம் இவ்ளோ படிச்சிருக்கீங்க."