கடலுக்குப் போனவரிடம் கேட்கக்கூடாத கேள்வி

சீட்டை எடுத்தது என் கை. அதை இன்றைக்கும் மறுக்க முடியாது. ஒரு பிளாஸ்டிக் கிண்ணம், அதற்குள் நான்காக மடித்த இரண்டு மஞ்சள் காகிதங்கள். ஷார்ஜாவில் ஓர் இந்தியப் பள்ளியின் அரங்கம். ஏசிக் குளிரில் எனக்குப் பல் கிட்டிக்கொண்டிருந்தது. "நீ எடு, எனக்க கை ராசியில்ல" என்று என் கூட்டுக்காரி முழங்கையால் இடித்தாள். நான் பெரிய ஆள் மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துப் பிரித்தேன். பிழைப்புக்காகக் கடல் கடந்து போவது குடும்பத்துக்கு நன்மையா, தீமையா என்பது தலைப்பு. எங்களுக்கு வந்த பக்கம் நன்மை. அவள் அந்தக் காகிதத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "நாசமாப் போச்சு" என்று மட்டும் சொன்னாள்.

இப்போது நான் திருவனந்தபுரம் பக்கத்து நெய்யாற்றின்கரைக் கோர்ட்டில் வக்கீல். எந்தப் பக்கம் கொடுத்தாலும் நின்று பேசுவதே பிழைப்பாகிவிட்டது. அவள் தனுவச்சபுரத்தில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். அன்றைக்கு நாங்கள் இருவரும் பாறசாலைப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் தமிழ் வகுப்பில் படித்த பதினோராம் கிளாஸ் பிள்ளைகள். நான் வெள்ளறடைக்காரி. ரப்பர் மரத்துக்கும் மரச்சீனிக் கிழங்குக்கும் நடுவில் வளர்ந்தவள். கடலை ஆண்டுக்கு ஒரு தடவை பார்த்தால் உண்டு. அவள் பொழியூர்க் கடற்கரைக்காரி. வீட்டு வாசலில் நின்றால் பாவாடையில் உப்புக் காற்று அடிக்கும். மலைக்காரிக்கும் கடற்கரைக்காரிக்கும் என்ன ஒட்டு என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டு பேருக்கும் வாய் நீளம், அதுதான் ஒட்டு. பேச்சுப் போட்டிகளில் முதலில் ஒருவரையொருவர் தோற்கடித்துச் சண்டை போட்டோம். பிறகு இதென்ன வம்பு என்று டீச்சரே எங்களை ஒரே அணியில் போட்டுவிட்டார்.

மாணவர் பரிமாற்றம் என்று பெயர். எங்களில் எட்டுப் பேர் பத்து நாள் அங்கே போக வேண்டும். அடுத்த ஆண்டு அவர்களில் எட்டுப் பேர் இங்கே வருவார்கள். விவாதங்கள், ஊர் சுற்றல், அங்குள்ள பிள்ளைகளின் வீட்டில் தங்கல். வகுப்பே பாஸ்போர்ட் பாஸ்போர்ட் என்று பறந்தது. எனக்கு வேண்டியது கோப்பை. அதைக் கொண்டுவந்து எங்கள் வீட்டு டிவிக்கு மேல் வைத்து, எதிர்வீட்டுக்காரர்கள் பார்க்கும்படி ஜன்னலைத் திறந்து போட வேண்டும் என்பதுவரை திட்டம் போட்டிருந்தேன். அவளுக்கு வேண்டியது வேறு என்பது விமானத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

அவள் அப்பா அங்கே ஓர் அரபியின் லாஞ்சில் மீன்பிடிக்கிறவர். ஊருக்கு வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. "அப்பாக்க விசா அடுத்த மாசம் முடியுது. புதுக்கினா இன்னும் ரெண்டு வருஷமாக்கும். புதுக்காம வீட்டுக்கு வரணும். அதுக்குத்தான் நான் வாறேன். இல்லேன்னா எனக்கு இந்தக் கோப்பையும் கீப்பையும் என்னத்துக்கு?" என்றாள். நான் சொன்னேன், இதில் என்ன கஷ்டம், போனில் ஒரு வார்த்தை எப்பம் வருவீங்கன்னு கேட்டால் போச்சு. சொல்லி முடிக்கும் முன்பே அவள் கை என் வாயில் இருந்தது. அந்தக் கையில் மாங்காய் ஊறுகாய் மணம். "கேக்கப்பிடாது பிள்ளே! கடலுக்குப் போனவங்ககிட்ட அதை மட்டும் கேக்கப்பிடாது. கேட்டா கடல் கேட்டிரும்." கேட்கமாட்டேன் என்று என்னிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டாள்.

அவர்கள் வீட்டுப் பழக்கம் அது. வள்ளம் இறக்கப் போகிறவரிடம் எப்போது திரும்புவாய் என்று யாரும் வாய் திறப்பதில்லை. அவள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது ஒருநாள் தெரியாமல் கேட்டதற்கு அவள் அம்மை சட்டாப்பைக் கரண்டியால் தொடையில் போட்ட அடி அவளுக்கு மறக்கவில்லை. அப்பா போனது விமானத்தில்தான், ஆனாலும் போனது கடல் வேலைக்கு அல்லவா? அதனால் நான்கு வருடமாக ஒவ்வொரு போன் பேச்சிலும் மழை, தேவாலயத் திருநாள், வீட்டுக்கு வார்த்த கான்கிரீட், தங்கையின் இருமல் என்று எல்லாம் பேசியிருக்கிறார்கள். அந்த ஒன்றை மட்டும் பேசவில்லை. "அப்பம் நீ எப்பிடித்தான் கூட்டியிட்டு வருவா?" என்று கேட்டேன். "என்னைக் கண்டா மதி, வேற ஒண்ணும் வேண்டாம். இம்புட்டு வளந்துட்டேனேன்னு அவியளுக்கே தோணும். அவியளே சொல்லுவாவ" என்றாள். நான் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

தங்கிய வீட்டில் முதல் காலையிலேயே மானம் போனது. எங்கள் பக்கம் பச்சைத் தண்ணீர் குடித்துப் பழக்கமில்லை. பதிமுகம் என்கிற மரச்சீவலைக் கொஞ்சம் போட்டுக் கொதிக்கவைத்து, இளம் ரோஜா நிறத்தில் வெதுவெதுப்பாகக் குடிப்போம். அவள் அம்மை ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டிருந்தார். அந்நிய நாட்டுத் தண்ணீர் அல்லவா, கிருமி இருக்கும் என்று இவள் ஒரு சிட்டிகைக்குப் பதில் ஒரு கை அள்ளி அந்த வீட்டுக் கண்ணாடிக் கெட்டிலில் போட்டுவிட்டாள். தூக்கக் கலக்கத்தில் சமையலறைக்கு வந்த அந்த வீட்டு ஆன்ட்டி, அடுப்புத் திட்டில் சிவப்பாக ஏதோ கொதிப்பதைப் பார்த்துப் போட்ட சத்தத்தில் மேல்மாடிக்காரர்கள் இறங்கி வந்துவிட்டார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், பாவம். விளக்கிச் சொன்னபிறகு ஒரு டம்ளர் குடித்துப் பார்த்து, நன்றாகத்தான் இருக்கிறது என்றார். பொய்தான் என்று முகத்திலேயே தெரிந்தது.

ஊர் சுற்றிக் காட்டினார்கள். உலகமே அண்ணாந்து பார்க்கும் கோபுரத்தின் உச்சிக்கு லிஃப்டில் ஏற்றினார்கள்; எனக்குக் காது அடைத்துப் போனது. மற்றவர்கள் கீழே தெரிந்த சாலைகளைப் படம் பிடித்தபோது இவள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு தூரத்துக் கடலில் லாஞ்சு தேடிக்கொண்டிருந்தாள். பாலைவனத்துக்குக் கூட்டிப் போனார்கள். மணல்மேடுகளில் ஜீப்பு ஏறி இறங்க, எட்டுப் பேரில் ஐந்து பேர் வாந்தி. நான் அதில் மூன்றாவது. இவள் மட்டும் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தாள். அலையில் பழகிய உடம்பு. இறங்கி நின்று நாலாபுறமும் பார்த்துவிட்டு, "இம்புட்டு மணலும் கடலில்லாம சும்மா கெடக்குது பாரு" என்று மெய்யாகவே வருத்தப்பட்டாள்.

அவள் அப்பா வெள்ளிக்கிழமை வருவதாகப் போனில் சொல்லியிருந்தார். அன்றைக்கு லாஞ்சு கரையில் நிற்கும். விவாதமும் அன்றைக்குத்தான். இப்படி எல்லாம் கூடிவந்த நேரத்தில்தான் நான் அந்தச் சீட்டை எடுத்துத் தொலைத்தேன். இரண்டு பக்கத்துக்கும் நாங்கள் தயாராகத்தான் இருந்தோம். ஆனால் தீமை என்ற பக்கம் வந்தால் அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேசிவிடலாம் என்று அவள் கணக்குப் போட்டிருந்தது அந்த ‘நாசமாப் போச்சு’வில்தான் எனக்கு விளங்கியது. விவாதத்தில் சொன்னால் அது கேட்டதாகாது பாருங்கள்.

கடைசி வரிசையில் அவள் அப்பா வந்து உட்கார்ந்தார். மடிப்புக் கலையாத புதுச் சட்டை. வெயிலில் கறுத்த முகம். மடியில் ஒரு எவர்சில்வர் பாத்திரம். பக்கத்தில் அவரைக் காரில் கூட்டிவந்த ஊர்க்கார டிரைவர். அவள் மேடையிலிருந்து கையைக்கூட அசைக்கவில்லை, கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் முதலில் பேசினேன். மனப்பாடம் செய்ததை ஒரு மூச்சில் ஒப்பித்துவிட்டு உட்கார்ந்தேன். எதிரணிப் பிள்ளைகள் நல்ல தமிழில், அப்பாக்கள் கூட இல்லாத வீடுகளைப் பற்றிப் பேசினார்கள். அவர்களுடைய அப்பாக்கள் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து கைதட்டினார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது.

அவள் எழுந்தாள். எழுதி வைத்ததைத் தொடவில்லை. மழைக்காலத்தில் கடல் ஏறிவந்து அடுப்பை அணைத்த ஓலை வீட்டில் தொடங்கினாள். இன்றைக்கு அந்த இடத்தில் நிற்கும் கான்கிரீட் வீட்டின் ஒவ்வொரு அறையாக எங்களைக் கூட்டிக்கொண்டு போனாள். இந்த ஜன்னல் எந்த மாதத்து வேலை, இந்தக் கதவு எந்தப் புயலுக்கு நடுவில் பிடித்த மீன், தான் காலில் போட்டிருக்கும் ஷூ யாருடைய வெயில் என்று சொன்னாள். "போனவர்களால்தான் நாங்கள் நிற்கிறோம்" என்று முடித்தாள். அரங்கம் எழுந்து நின்று தட்டியது. என் கண்ணும் நிறைந்துவிட்டது, ஆனால் எனக்குக் கோப்பை நினைப்பும் கூடவே இருந்தது, பொய் சொல்லக்கூடாது. கோப்பை எங்களுக்கே கிடைத்தது.

டீச்சர் நடுவர்களோடு போட்டோ எடுக்கப் போன நேரத்தில் நாங்கள் வெளியே முற்றத்துக்கு ஓடினோம். அவர் பாத்திரத்தை என் கையில் கொடுத்தார். வறுத்த நெய்மீன், இன்னும் சூடு. மகளின் தலையில் கை வைத்து, உயரத்தைத் தன் தோளோடு அளந்து பார்த்தார். பிறகு சொன்னார். "நல்லாட்டுப் பேசினா மக்கா. புதுக்கணுமா வேண்டாமான்னு ஒரு மாசமாட்டு எனக்குத் தூக்கமில்ல. நீ பேசினதக் கேட்டப்பமாக்கும் மனசு தெளிஞ்சது. நாளைக்கே அரபிகிட்ட சொல்லியிடுதேன். இன்னும் ரெண்டு வருஷம் நிக்கலாம்."

சீட்டுக் குலுக்கித்தான் பக்கம் கொடுப்பார்கள் என்பது அந்த மனிதருக்குத் தெரியாது. மகள் மனதில் உள்ளதைத்தான் மைக் முன்னால் சொன்னாள் என்று நம்பிவிட்டார். நான் இவளைப் பார்த்தேன். சொல்லேன்டி, வாயைத் திறந்து சொல்லேன்! இவள் கோப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். ஐந்து நிமிடம் முன்பு ஓர் அரங்கத்தையே எழுந்து நிற்க வைத்த வாய். எனக்குத் தாங்கவில்லை. விமானத்தில் செய்த சத்தியமெல்லாம் எங்கே போனதோ, "மாமா, நீங்க வீட்டுக்கு எப்பம் வருவீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

டிரைவர் கழுத்துக் குருசைப் பிடித்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். இவள் என் தோளில் போட்ட அடியில் மீன் பாத்திரத்தின் மூடி எகிறி விழுந்து உருண்டது. அவர் மட்டும் அசையவில்லை. மெதுவாக நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தார். "நாலு வருஷமாட்டு ஒருத்தரும் கேக்கல" என்றார். "கேக்கமாட்டாவன்னு எனக்குத் தெரியும். எனக்க அம்மையும் கேக்கமாட்டா. தெரிஞ்சாலும், ராத்திரி லாஞ்சில படுத்துக் கெடக்கும்பம் தோணும் இல்லியா மக்கா, நம்மள ஆருக்கும் வேண்டாமோன்னு." அப்போதுதான் இவள் வெடித்தாள். "சீட்டு எடுத்தாக்கும் அப்பா பேசினது! இவளாக்கும் எடுத்தது! அதெல்லாம் போட்டிக்குப் பேசினது!" அழுகையில் மீதி எதுவும் புரியவில்லை. அவர் அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். வருவேன் என்றும் சொல்லவில்லை, நிற்பேன் என்றும் சொல்லவில்லை. அதற்குள் டீச்சர் வந்துவிட்டார்.

திரும்பும் விமானத்தில் அவள் என்னோடு பேசவில்லை. பள்ளியிலும் பேசவில்லை. கேட்டுவிட்டோமே, கடலும் கேட்டிருக்குமோ என்ற பயம் அவளுக்கு. சிரிக்கலாம் என்று பார்த்தால் எனக்கும் அந்தப் பயம் தொற்றிக்கொண்டது. வெள்ளறடையில் ரப்பர் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு அரபிக்கடலில் காற்றழுத்தம் எப்படி இருக்கிறது என்று செய்தி பார்க்கிற ஒரே பெண் நானாகத்தான் இருந்திருப்பேன். கோப்பை டிவிக்கு மேல்தான் இருந்தது. ஜன்னலைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு காலையில், பஸ்ஸிலிருந்து இறங்கிய என் முன்னால் வந்து நின்றாள். முகம் கடுகடுவென்றுதான் இருந்தது. "ஞாயிற்றுக்கிழமை எயர்போர்ட்டுக்கு வா. உன்னையும் கூட்டியிட்டு வரச் சொல்லி அப்பா பறஞ்சாவ" என்றாள். பிறகு அடக்க முடியாமல் என்னைக் கட்டிப்பிடித்தாள். பஸ்ஸில் இருந்தவர்களெல்லாம் வேடிக்கை பார்த்தார்கள்.

திருவனந்தபுரம் விமான நிலையத்தில் கம்பிக்கு வெளியே மூன்று மணி நேரம் நின்றோம். அவள், தங்கை, அம்மை, நான். அம்மை நல்ல சேலை உடுத்தியிருந்தார். கையிலிருந்த ஜெபமாலை நகர்ந்துகொண்டே இருந்தது. அவள் அப்பா கயிறு கட்டிய பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். பிள்ளைகள் இருவரும் மேலே விழுந்தார்கள். அவர்களைத் தாண்டி என்னைப் பார்த்து, "பிள்ள கேட்டியே, இன்னா வந்தாச்சு" என்றார். 

அம்மை ஓரடி தள்ளியே நின்றார். நான்கு வருடம் அந்த ஒன்றை மட்டும் கேட்காத மனுஷி. இப்போது கணவர் கரையில் நிற்கிறார், கேட்கலாம். "திரும்ப எப்பம் போணும்?" என்று கேட்டார்.

"போவல."

"என்னது?"

"போவல. விசாவ முடிச்சிட்டு வந்துட்டேன்."

அம்மைக்குக் காது நன்றாகக் கேட்கும், அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஜெபமாலையை இடுப்பில் செருகிக்கொண்டு, அவருடைய சட்டைக் கையைப் பிடித்து, "கேக்கல, இன்னும் ஒருக்கக் கூடி பறயுங்க" என்றார். அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில், அவர் மூன்றாம் தடவையும் சொன்னார்.